ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்: தச்சு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரையில் கச்சிதமாக மாட்டிய கதவு ஐப்பசி மழையில் நிலையோடு இறுகிக்கொள்ளும். ஓரத்தை இழைத்துவிட்டால் மாசி, பங்குனியில் அதே கதவில் சந்து தெரியும். கொங்கு நாட்டில் தச்சு பழகுகிறவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி மரத்தின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதால் வருபவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் மரத்தை உலர்த்தி எடுத்துவிடும். மூன்று மாதம் கழித்து வடகிழக்குப் பருவமழை வந்து அதே பலகையை ஊற வைக்கும்.

முதல் தவறு வாங்கும் இடத்திலேயே நடக்கிறது. உருட்டுக் கட்டைக்கு ஒரு கணக்கு, அறுத்த மரத்துக்கு வேறு கணக்கு. கட்டையின் சுற்றளவை அடியில் எடுத்து நாலால் வகுத்து, வரும் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியாலும் பெருக்குவார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை 10 கன அடி. அறுத்த பலகைக்கு நீள அடியை அங்குலத்தில் எடுத்த அகலத்தாலும் பருமனாலும் பெருக்கி 144 ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் 'கன அடி' என்றே சொல்வதால், உருட்டுக் கட்டை மலிவு என்று தோன்றிவிடும். அதே 48 அங்குலக் கட்டையில் சுற்றிலும் ஒன்றரை அங்குலம் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வலுவில்லாத மரம், இருந்தால், வெட்டுமுகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளைக்கே போய்விடும். மிஞ்சுவதுதான் வைரம் எனும் நடுக் கெட்டி மரம். ரம்பம் தின்னும் தூள் தனி. இளந்தேக்கு வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். தேக்கே ஆனாலும் வெள்ளைப் பாகம் உளுத்துப் போகும். "தேக்குக்குப் பூச்சி வராது" என்ற நம்பிக்கை வைரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மரத்தை அடையாளம் காணப் பழக, கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். அங்குள்ள மர மாதிரிகளை நேரில் பார்ப்பது எந்தப் படத்தையும் விட உதவும். தோட்டத்தில் நிற்கும் சந்தனத்தை வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பட்டா நிலம் என்பதால் விலக்கு இல்லை. ஈட்டி மரத்தையோ தேக்கையோ வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு முன்பும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காய வைப்பதில்தான் அதிக மரம் வீணாகிறது. வேலியோரத்து வேம்பையோ வாகையையோ அறுத்துவந்து, "நல்லா வெயில் படட்டும்" என்று களத்தில் பரப்பி வைக்கிறார்கள். பலகையின் மேல்பரப்பு காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் ஈரம் விடாது. அந்த இழுபறியில் மேலே வெடிப்பு விழுகிறது. நுனி வழியாக ஈரம் இன்னும் வேகமாக வெளியேறுவதால் முதலில் பிளப்பது நுனிதான். அறுத்த அன்றைக்கே இரண்டு நுனியிலும் கெட்டியாக பெயிண்டோ மெழுகோ பூசுங்கள். ஒரு வாரம் தள்ளிப் பூசினால் பலன் இல்லை.

அடுக்கும் இடத்துக்கு மேலே கூரை வேண்டும், காற்று வரும் மேற்குப் பக்கம் தென்னந்தடுக்கோ சாக்கோ மறைப்பு வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொடங்கி, ஒரு அங்குலப் பலகைகளுக்கு நடுவில் முக்கால் அங்குல ரீப்பர்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேல் அடுக்கு ரீப்பர் கீழ் அடுக்கு ரீப்பருக்கு நேர்மேலே நிற்க வேண்டும். அது நாலு விரல் விலகினாலும் பலகை அந்த இடத்தில் வளைந்து, வளைந்தபடியே காய்ந்துவிடும். உச்சியில் கல் பாரம் ஏற்றுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வறண்ட காற்றில் மென்மரம் அதற்கு முன்பே தயாராகிவிடும், ஆனால் நாள்கணக்கை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். அடுக்கிலிருந்து ஒரே பலகையை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவர, மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்திருக்கிறது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சுமார் 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 130 கிராம் துண்டு 115 கிராம் ஆனால், போன 15 கிராமை 115 ஆல் வகுக்க 13 சதவீத ஈரம். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு 12 சதவீதம் வாக்கில் இருந்தால் போதும்.

எவ்வளவு காய்ந்தாலும் மரம் அசைவதை நிறுத்தாது. தேக்கே, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம்தான். 600 மி.மீ. அகல மேசைப் பலகையில் ஈரம் 5 சதவீதம் ஏறி இறங்கினால் 5 மி.மீ.க்கு மேல் அகலம் மாறும். அதை நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் எங்காவது பிளந்தே தீரும். நடுவில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கி, ஓரத்து ஓட்டைகளை அகலவாக்கில் நீளமாகத் துளையுங்கள். கதவுப் பேனலுக்குப் பசை வைக்கவே வைக்காதீர்கள். அது காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில், சும்மா உட்கார வேண்டும். கோடையில் செய்யும் பேனலுக்கு மழைக்காலத்தில் உப்ப இடம் வேண்டும், 300 மி.மீ. அகலத்துக்குப் பக்கத்துக்கு 3 மி.மீ. விடுங்கள்.

இரண்டு சட்டங்களைக் கோர்க்க, ஒன்றின் துளைக்குள் நுழையும்படி மற்றதன் நுனியில் செதுக்கும் நாக்குதான் கழுந்து. அதன் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று. 36 மி.மீ. சட்டத்துக்கு 12 மி.மீ., துளைக்கும் அதே 12 மி.மீ. உளி. துளையின் ஆழம் கழுந்தைவிட 2 மி.மீ. கூட இருக்கட்டும், இல்லாவிட்டால் பசை அடியில் தேங்கி, கழுந்து தொடங்கும் இடத்துத் தோள் ஒட்டாமல் நிற்கும். கொட்டாப்புளியால் நாலு தட்டில் இறங்க வேண்டும்; ஓங்கி அடித்து இறக்கினால் சட்டம் வெடிக்கும், பசையும் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆடிக் காற்றில் வெள்ளைப் பசை சீக்கிரம் ஆடை கட்டும். பசையில்லாமல் ஒருமுறை கோர்த்துப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பூசுங்கள்.

மொட்டை உளியோடு வேலை பழகுவது பெரிய தவறு, கை வழுக்குவதும் அதனால்தான். தேக்கில் இருக்கும் மணற்சத்து உளியின் கூர்மையைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். சாதாரண வேலைக்கு 25 முதல் 30 டிகிரி கோணம், கருவேலம் போன்ற கெட்டி மரத்துக்கு 35 வரை. சாணையில் நுனி நீலம் பாரித்தால் அந்த இரும்பின் பதம் போய்விட்டது. இரண்டு நொடிக்கொருமுறை தண்ணீரில் முக்குங்கள்.

இனிச் சொல்வதை யாரும் தட்ட வேண்டாம். டைல்ஸ் அறுக்கும் கட்டரிலும் ஆங்கிள் கிரைண்டரிலும் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி ஓட்டுவது நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. அவை நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றும். பல் மரத்தில் கவ்வினால் மிஷின் எகிறித் திரும்பும், அப்போது கையைக் காக்க அதில் சரியான காப்பு இல்லை. மரத்துக்கென்று செய்த, காப்புள்ள வட்ட ரம்பத்தையே வாங்குங்கள். டேபிள் ரம்பத்தில் பலகையைத் தள்ளத் தள்ளுகட்டை வேண்டும். துண்டும் தொங்கும் சட்டையும் மிஷின் பக்கம் வரக் கூடாது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் நுண்தூள் நிற்காது. முகத்தில் இறுகப் பொருந்தும் மாஸ்க் தேவை.

நாலைந்து பேர் ஒட்டுக்காச் சேர்ந்து பட்டறை வைக்கிறீர்கள் என்றால் ரம்பம், டிரில், கிளாம்ப் எல்லாம் பொதுவில் இருக்கட்டும், உளியும் இழைப்புளியும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். தீட்டும் கை மாறினால் கோணம் மாறிவிடும். பழைய நிலைச்சட்டம் கொண்டுவருகிறவர், ஆணி பிடுங்கிவிட்டதாகச் சொன்னாலும் காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே மிஷினில் விடுங்கள்.

பாலிஷ் போடுவதற்கு மழை நாள் ஆகாது; அரக்குப் பாலிஷ் ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிடும். பலகையின் அடிப்பக்கத்தையும் பூசுங்கள், மேலே மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி பலகை குழிந்துபோகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.