வங்காளத்து மாவட்டம் ஒன்றைப் பற்றி ஒப்படை எழுதப் போகிறீர்களா?

தங்கச்சியின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒப்படை: வங்காளத்துக் கிராமப்புற மாவட்டம் ஒன்றின் வரலாறு, நிர்வாகம், கல்வி. அவள் எடுத்தது மெஹெர்பூர், பங்களாதேஷின் மேற்கு ஓரத்தில் இந்திய எல்லையோடு ஒட்டிய சின்ன மாவட்டம். "மாமா, உபசிலா எண்டால் என்ன?" என்று உப்புவெளி வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மினக்கெட்டுக் கற்றதை அடுத்து எழுதப் போகும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

வரலாற்றை உடனே தொடாதீர்கள். முதலில் நிர்வாகப் படிகளை ஒரு தாளில் வரையுங்கள். இலங்கையில் நமக்கு மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கடைசியில் கிராம உத்தியோகத்தர் பிரிவு. அங்கே பிபாக், சிலா, உபசிலா, யூனியன். திருகோணமலையில் 11 பிரதேச செயலகங்கள். மெஹெர்பூரில் மூன்றே உபசிலாக்கள்: மெஹெர்பூர் சதர், காங்னி, முஜிப்நகர். அளவு பிடிபட்டுவிடும்.

ஆனால் கடைசிப் படியில் கவனம். நம்முடைய ஜிஎஸ், அதாவது கிராம உத்தியோகத்தர், அரசாங்க ஊழியர். யூனியன் பரிஷத்தோ வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் சபை: ஒரு தலைவர், ஒன்பது வார்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினர், பெண்களுக்கு ஒதுக்கிய மூன்று இடங்கள். ஜிஎஸ் பிரிவும் யூனியனும் ஒன்றென்று எழுதினால் புள்ளி போகும்.

இனி வரலாறு. இதில் நானே வழுக்கினேன். "1947இல் மெஹெர்பூர் மாவட்டம் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அப்போது அப்படியொரு மாவட்டமே இல்லை! நதியா மாவட்டத்தின் ஐந்து உட்பிரிவுகளில் அது ஒன்று. இந்தியா-பாகிஸ்தான் பிரிவினைக்காக வரைந்த ரட்கிளிஃப் கோடு நதியாவைப் பிளந்தபோது கிருஷ்ணநகரும் ராணாகாட்டும் இந்தியாவில் நின்றன. குஷ்டியா, சுவாடாங்கா, மெஹெர்பூர் மூன்றும் அந்தப் பக்கம் போய் குஷ்டியா மாவட்டம் ஆயின. மெஹெர்பூர் தனி மாவட்டமானது 1984இல்தான், இராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தின் ஆட்சி உட்பிரிவுகளை ஒழித்து மாவட்டங்களாக்கியபோது.

ஆகவே தேடும்போது ஆண்டுக்கேற்ற பெயரைப் போடுங்கள். பிரித்தானியர் காலத்துக்கு நதியா, 1947க்குப் பிறகு குஷ்டியா, 1984க்குப் பிறகுதான் மெஹெர்பூர். ஆம்ஜுபியில் இருக்கும் நீலக்குட்டி, அதாவது அவுரிச் சாய வியாபாரம் நடந்த பழைய கட்டடம், அதன் கதையை அறிய வேண்டுமானால் நதியாவின் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும். உபசிலாவுக்கும் இதே தலையிடி: பழைய நூல்களில் அதன் பெயர் "தானா", அதாவது பொலிஸ் நிலையப் பிரிவு. 1982க்குப் பிறகு உபசிலா ஆனது, தொண்ணூறுகளில் மறுபடி "தானா" என்றார்கள், பிறகு திரும்பவும் உபசிலா.

ஒரு நாளை மட்டும் விடவே கூடாது. 1971 ஏப்ரல் 17, மெஹெர்பூரின் பைத்தியநாத்தலா மாந்தோப்பில் பங்களாதேஷின் தற்காலிக அரசு பதவியேற்றது. முஜிப்நகர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. எல்லை பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்தத் தோப்பு என்பதை வரைபடத்தோடு காட்டுங்கள்.

கல்விப் பகுதியைப் பலர் பாடசாலை எண்ணிக்கையோடு முடித்துவிடுகிறார்கள். சரி, எண்ணிக்கை வேண்டும்தான். ஆனால் முறை விளங்காமல் எண் பேசாது. அங்கே ஆரம்பக் கல்வி ஐந்தாம் வகுப்பு வரை, அதற்குத் தனி அமைச்சு. பத்தாம் வகுப்பு முடிய எஸ்எஸ்சி (இடைநிலைச் சான்றிதழ்) பரீட்சை, பன்னிரண்டு முடிய எச்எஸ்சி (உயர் இடைநிலைச் சான்றிதழ்) பரீட்சை. நமக்குச் சாதாரண தரம் பதினோராம் ஆண்டில், ஆதலால் வயதைப் பார்த்து ஒப்பிடுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சைத் திணைக்களம் என்பதும் அங்கே இல்லை. மெஹெர்பூர்ப் பிள்ளைகளுக்கு ஜெசோர் கல்விச் சபை. மதரசாக்களுக்குத் தனிச் சபை, அங்கே தாகில் என்பது எஸ்எஸ்சிக்குச் சமம்.

பெரிய பொறி "பேசர்காரி" என்ற சொல். அகராதியில் தனியார் என்றிருக்கும். நம் பிள்ளைகளுக்கு உடனே கொழும்பின் சர்வதேசப் பாடசாலைகள் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கிராமத்து இடைநிலைப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஊர் நிர்வாகக் குழு நடத்தும், தகுதி பெற்ற பாடசாலையின் ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்தை மாதாமாதம் அரசு கொடுக்கும். அதற்கு எம்பிஓ, அதாவது மாதாந்தச் சம்பள ஆணை, என்று பெயர். மருமகள் தன் பிரதியில் "வசதியானோர் படிக்கும் தனியார் பாடசாலைகள்" என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் நான் வெட்ட முன்பே தானே வெட்டினாள். அப்புறம் தேத்தண்ணி குடித்துவிட்டு அந்தப் பக்கத்தை முழுதாகத் திருப்பி எழுதினாள்.