மரவேலை ரவுட்டரால் பெர்ஸ்பெக்ஸ் தகடு வெட்டுவது எப்படி?

கடைக்குப் பெயர்ப்பலகை, மேசைக்கு மேல்தட்டு, மீன்தொட்டிக்கு மூடி என எதுவானாலும் 5 மி.மீ. பெர்ஸ்பெக்ஸை (கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்) வளைவாக வெட்ட மரவேலை பாஸிடம் இருக்கும் ரவுட்டரே (வெட்டும் பிட்டை வேகமாகச் சுழற்றும் கைமெஷின்) போதும். ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்: மரம் சூடேறினால் கருகும், பெர்ஸ்பெக்ஸ் சூடேறினால் இளகும். ஏறத்தாழ 105 பாகை செல்சியஸிலேயே அது இறுக்கத்தை இழக்கத் தொடங்கும். கீழே வரும் படிகளில் பாதி, அந்தச் சூட்டைக் குறைக்கும் வேலைதான்.

முதலில் தகடு. கடையில் "காஸ்ட் ஷீட்" (வார்த்து எடுத்த தகடு) என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூட் ஷீட் (பிதுக்கி எடுத்த தகடு) மலிவு, ஆனால் சீக்கிரம் இளகி பிட்டில் ஒட்டும். இரண்டு பக்கமும் உள்ள பாதுகாப்புத் தாளைக் கடைசிவரை உரிக்க வேண்டாம்.

கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் பக்கம் போனால், நுனியில் பெயரிங் உள்ள கார்பைட் டிரிம் பிட் (அச்சின் ஓரத்தைப் பின்பற்றி வெட்டும் பிட்) ஒன்று வாங்குங்கள். புதியதாக இருக்கட்டும். பலகை வெட்டி மழுங்கிய பிட் வெட்டாது, உரசும், உரசினால் சூடு. அச்சில்லாமல் நேரே வெட்டுவதானால் ஒற்றை வெட்டுவாய் பிட்தான் நல்லது: துகள் வெளியேற அதில் இடம் அதிகம்.

வேகம் மாற்றக்கூடிய ரவுட்டரே வேண்டும். 12,000 முதல் 16,000 சுற்றுக்குள் வையுங்கள். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் மட்டும் ஓடும் சிறிய டிரிம்மர் இந்த வேலைக்கு ஆகாது. அதை ஃபேன் ரெகுலேட்டரில் கொடுத்து வேகம் குறைக்கும் கெட்டித்தனமும் வேண்டாம்.

இனி வேலை. 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் வேண்டிய வடிவத்தை வெட்டி (இதுதான் அச்சு), ஓரத்தை நன்றாகத் தேயுங்கள். பெயரிங் இந்த ஓரத்தில்தான் உருளும். இதில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் அப்படியே பெர்ஸ்பெக்ஸில் வரும். அச்சைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு, ஜிக்சோவால் கோட்டுக்கு வெளியே 2–3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பிறகு தகட்டை அச்சின்மேல் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, வெட்டும் ஓரம் மேசைக்கு வெளியே நீட்டியிருக்க கிளாம்ப் போடுங்கள். தகடு அதிர்ந்தால் ஓரம் சில்லுசில்லாய் உடையும்.

பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பிட்டை மாட்ட வேண்டும். ரவுட்டரின் பிடிக்குள் அடிவரை தள்ளி, 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். (வெள்ளவத்தை அடுக்குமாடியில் செய்வதானால் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.)

வெளி ஓரத்தை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள்; உள்ளே துளை வெட்டும்போது முள் போகும் திசையில். செக்கனுக்கு 3–4 செ.மீ. என்ற கணக்கில் நிற்காமல் நகருங்கள். புதியவர்கள் பயந்து மெதுவாகத் தள்ளுவார்கள், அங்கேதான் பிழைக்கும். ஓரிடத்தில் இரண்டு செக்கன் நின்றாலே பிசின்போல நூல் வரும், பிட்டைச் சுற்றிக் கட்டியாகும், வெட்டிய இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். உதிரும் துகளைப் பாருங்கள். சிறு செதில்களாக விழுந்தால் சரி. நூல் வந்தால் ரவுட்டரின் சுற்று வேகத்தைக் குறைத்து, கையை விரைவாக்குங்கள். வெறும் மாவாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது.

உள்மூலைகளைக் கூராக விட வேண்டாம். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆணித்துளையில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு மீற்றர் தகடு ஒரு பாகை சூட்டுக்கு 0.07 மி.மீ. நீளும். கொழும்பு வெயிலில் கடைமுகப்பில் உள்ள பலகை இரவைவிட 30 பாகை கூடச் சூடேறினால் 2 மி.மீ. ஆகிவிடும். அதனால் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 6 மி.மீ. துளை, மேலே வாஷர், இறுக்கிப் பிடிக்காத முடுக்கல். துளையிடும்போது அடியில் ஒரு பலகை வையுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கம் பிட் வெளிவரும் இடம் உடையும்.

ஓரத்தை ஹெக்சோ பிளேட்டின் முதுகால் சுரண்டி, 240, 400, 800 இலக்க சாண்ட்பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். துடைக்கச் சவர்க்காரத் தண்ணீர் மட்டும். தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் வெட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் கிளம்பும், சிலவேளை மறுநாள்தான் கண்ணில் படும்.