மர வில்லின் முதுகு: சீவும் முன் பார்க்க வேண்டியவை

என் முதல் வில்லை மணிக்கட்டுப் பருமனுள்ள செர்ரிக் கிளையில் செய்தேன். பாதி இழுப்பிலேயே முதுகு சடாரென்று பிளந்துவிட்டது. மரம் சரியில்லை என்று புலம்பினேன். முதுகின் வடிவத்தை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

வில்லைப் பிடிக்கும்போது நம்மைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. அழிரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகக் கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் கோடுகள் விலகும், உட்புறத்தில் நெருங்கும். வில்லிலும் இதேதான்: முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. முதுகு தோற்றால் வில் உடையும். வயிறு தோற்றால் வில் கூன் விழுந்து, அம்பின் வேகம் குறையும்.

படி 1: மேட்டை அளந்து பாருங்கள்

மரத்தின் வெளிவட்டமே முதுகாவதால் அதில் இயல்பாகவே ஒரு மேடு இருக்கும். லிம்பின், அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் கையின், அகலம் 4 செ.மீ. என்று வையுங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள கிளையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 10 மி.மீ. உயர்ந்து நிற்கும், 20 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 2 மி.மீ.தான். மேடு உயர உயர, இழுவிசையெல்லாம் உச்சியிலுள்ள ஒல்லியான கீற்றின் மேல் விழும், ஓரங்கள் வேடிக்கை பார்க்கும். என் செர்ரி கிழிந்ததும் அந்த உச்சியில்தான். முதல் வில்லுக்கு 15 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள மரமாகப் பாருங்கள்.

படி 2: முதுகில் உளி படக்கூடாது

ஆஷ், எல்ம், ஹிக்கரி மரங்கள் என்றால் பட்டையை உரித்ததும் வரும் பரப்பே முதுகு. ஒரே ஆண்டு வளையம் நுனிக்கு நுனி அறுபடாமல் ஓட வேண்டும். தடிமனை வயிற்றுப் பக்கம் மட்டும் குறையுங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அகலம் பாதியானால் விறைப்பும் பாதியாகும். தடிமன் பாதியானால் எட்டில் ஒன்றாகிவிடும்.

படி 3: முதுகை ஒடுக்கலாமா?

ஹிக்கரி, எல்ம் போன்றவற்றின் முதுகு இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஆனால் வயிறு நசுங்கிவிடும். அதனால் முதுகின் நடுப்பரப்பைத் தொடாமல் இரு ஓரங்களை மட்டும் சரிவாகச் சீவி, குறுக்குவெட்டைச் சரிவகமாக்குவார்கள்: வயிறு 4 செ.மீ., முதுகு 3 செ.மீ. என்பதுபோல. முதுகு கூடுதலாக நீண்டு கொடுக்கும், வயிற்றின் சுமை குறையும், நுனிகளும் இலேசாகும். நுனி இலேசானால் அம்பு வேகமெடுக்கும். செர்ரிபோல இழுவிசைக்குத் தளர்ந்த மரத்தில் இதைச் செய்யவே கூடாது. மேடான முதுகு ஏற்கெனவே ஒடுங்கியதுதான், அதை மேலும் ஒடுக்காதீர்கள்.

யூ மரம் இதில் கொடுத்து வைத்தது. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவில்கள் யூ மரம்தான். இழுவிசை தாங்கும் வெளிமரம் முதுகாகவும், அழுத்தம் தாங்கும் வைரம் (உள்மரம்) வயிறாகவும் ஒரே கட்டையில் அமைந்துவிடும்.

படி 4: எப்போது செய்வது?

லிம்ப் இரண்டும் சீராக வளையத் தொடங்கிய பிறகு ஒடுக்குங்கள். விறைப்பு சற்றுக் குறையும் என்பதால் வளைவை மறுபடி சரிபாருங்கள். அப்புறம் ஓரங்களை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், கூரான ஓரத்தில்தான் சிராய் கிளம்பும். கடைசியாக முதுகு நெடுகப் பஞ்சால் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் நார் எழும்பியிருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் வில்லை முழு இழுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.