காலண்டரில் வட்டம் போடும் முன்: புது ஊருக்குக் குடிவந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கீழ்வீட்டுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவருக்குச் சேலத்துக்கு மாற்றல். ஐந்தாவது படிக்கும் பெண், யுகேஜி பையன். பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். பாதிப் பெட்டிகள் கட்டியபடியே கிடந்தன. ஆனால் சுவரில் காலண்டர் மாட்டியாகிவிட்டது, அதில் சிவப்பிலும் பச்சையிலும் வட்டங்கள். என்ன இது என்று கேட்டேன். "சிவப்பு ஊருக்குப் போற நாளாக்கும் அக்கா. பச்சை, டிக்கெட் திறக்குத நாளு" என்றார் அந்தப் பெண். டிசம்பர் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன். சிவப்பு மட்டும் ஏழு.

2016 ஜூனில் பாளையங்கோட்டையிலிருந்து சேலம் வந்தபோது என் காலண்டரும் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பாலைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் இடம், வாடகை முன்பணம், கேஸ் இணைப்பு பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஒருமுறை அலைந்தால் தானே தெரிந்துவிடும். பண்டிகை, பிள்ளைகளின் விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை, இந்த மூன்றில் செய்கிற தவறுகள்தான் செய்யும்போது தவறு என்றே தெரியாது.

ஒரே மாதத்தில் ஊரைச் சுற்றித் தீர்ப்பது

வந்த முதல் மாதம் நான்கு ஞாயிறு, நான்கு இடம். ஏற்காடு, மேட்டூர் அணை, நாமக்கல் கோட்டை, சங்ககிரி. ஏற்காட்டுக்குச் சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவிலேயே பையன் என் புடவையில் வாந்தி எடுத்துவிட்டான். மேலே போய் ஏரியில் ஒரு படகு, ஒரு பஜ்ஜி, பத்துப் பதினைந்து போட்டோ. ஜூலை பிறந்ததும் வீட்டில் ஒரே கேள்வி: "இனி எங்கம்மா போறது?"

பிள்ளைகளுக்கு வேண்டியது திரும்பத் திரும்பப் போகிற மாதிரி பக்கத்தில் ஓர் இடம். எங்களுக்கு அது கன்னங்குறிச்சி மூக்கனேரி என்று தெரிய இரண்டு வருடமாயிற்று. ஏரிக்குள்ளே மண் திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள், அதில் பறவைகள் அடைகின்றன. காலை ஆறரைக்குப் போனால் ஏழரைக்குத் திரும்பிவிடலாம், செலவும் கிடையாது. போன வாரம் கொம்பில் உட்கார்ந்திருந்த நீர்க்காகம் இந்த வாரமும் அதே கொம்பில் இருக்கிறதா என்று பையன் முதலில் அதைத்தான் தேடுவான். ஏற்காடு எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம்.

சாயங்காலத்துக்கும் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. தள்ளுவண்டிக்காரர் பிள்ளைகளைப் பார்த்ததும் காரத்தைக் குறைத்துப் போட ஆரம்பித்தால், ஊர் கொஞ்சம் உங்களுடையதாகிவிட்டது என்று கணக்கு.

செவ்வாய்க்கிழமை குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா

விடுமுறை. பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

முதல் மாதமே வகுப்பில் சேர்ப்பது

பிள்ளைகளுக்குப் புது ஊரில் நண்பர்கள் இல்லையே என்ற பதற்றத்தில் கீபோர்டு, கராத்தே, அபாகஸ் மூன்றுக்கும் ஒரே வாரத்தில் பணம் கட்டினேன். கீபோர்டுக்கு ஒரு வருடக் கட்டணம் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றார்கள், கட்டிவிட்டேன். வகுப்பு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. போக வர ஒன்றே கால் மணி நேரம், அதிலும் ஐந்து ரோடு நெரிசல். மூன்றாம் மாதம் மகள் நின்றுவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், சிரித்தார்கள்.

அந்த ஒன்றே கால் மணி நேரத்தில்தான் எங்கள் தெருவில் ஷட்டில் நடந்துகொண்டிருந்தது. ஒரு பருவம் பொறுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கே போகிறார்களோ அங்கேயே அனுப்புங்கள், வாத்தியார் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

எல்லா விடுமுறைக்கும் ஊருக்கு ஓடுவது

இதுதான். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சேலத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆடி 1. சாயங்காலம் தெருவில் ஒரே புகை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் வாசலுக்கு வாசல் தீ மூட்டி, நீளமான குச்சியில் தேங்காயைச் செருகி, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்து வழக்கம். பாரதப் போர் ஆடி 1 தொடங்கி 18-ல் முடிந்தது, போருக்கு முன் சுட்ட தேங்காயைச் சாமிக்குப் படைத்துக் கும்பிட்டார்கள் என்று கதை சொல்வார்கள். நெல்லையில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எதிர்வீட்டு ஆயா மேலே பார்த்து, "ஒரு தேங்கா எடுத்துக்கிட்டு எறங்கி வா கண்ணு" என்று என் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு அப்போது எட்டு வயது. அடுக்களைக்கு ஓடிப்போய்த் தேங்காயைக் கையில் எடுத்தும் விட்டாள். அன்றிரவு எங்களுக்கு ரயில். குற்றாலத்தில் சாரல் காலம், ஆடி பிறந்தால் அருவியில் குளிப்பது எங்கள் வீட்டு முறை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நான், "தேங்காயை வை. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றேன்.

அடுத்த வருடம் அந்த நாளில் குற்றாலத்தில் இருந்தோம். 2018-லும் 2019-லும் அப்படித்தான்.

ஆடி மட்டுமா? தீபாவளிக்கு ஊர், பொங்கலுக்கு ஊர், காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு, இடையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தால் அதற்கும் ஊர். ஒரு வழிக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அப்போதெல்லாம் ரயிலுக்கு 120 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும் (இப்போது 60 நாள்). காலை எட்டு மணிக்குக் கணவர் ஒரு போனோடும் நான் ஒரு போனோடும் உட்காருவோம். கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ், பண்டிகைக் கட்டணம். 2018-ல் பதினொரு தடவை போய்வந்திருக்கிறோம். வருடக் கடைசியில் கணவர் டைரியில் கூட்டிப் பார்த்தபோது போக்குவரத்து மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

பணம் போகட்டும். ஒரு தெருவுக்கு உயிர் வருவதே விடுமுறை நாளில்தான். பள்ளி நாளில் எந்தப் பிள்ளையும் வெளியே வருவதில்லை. பொங்கலுக்குத் தெருவை அடைத்துப் போடும் கோலம், தீபாவளி இரவில் மிச்சமிருக்கும் வெடிகளை எல்லோரும் கூட்டுச் சேர்ந்து வெடிப்பது, அரையாண்டு லீவில் பத்து நாள் ஓடும் கிரிக்கெட், இவையெல்லாம் நடக்கும்போது எங்கள் வீடு பூட்டியே கிடந்தது. வீட்டுப்பாடம் இருக்கும் சேலம் மட்டும்தான் என் பிள்ளைகளுக்குத் தெரியும்.

சரி, ஊரிலாவது கூட்டாளிகள் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. பெரியப்பா, அத்தை பிள்ளைகளுக்கு அங்கே அவர்களுடைய செட்டு. முதல் நாள் ஒட்டிக்கொள்வார்கள், மறுநாள் டியூஷன், மேட்ச் என்று போய்விடுவார்கள். என் இரண்டும் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சி பார்க்கும் சீரியலைப் பார்க்கும். இதற்காகவா நானூறு கிலோமீட்டர் என்று அப்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

2020-ல் ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும், நாங்கள் போகவில்லை. ஜூலை 16, ஆடி 1. தெருவில் கூட்டமாகக் கூடாமல் அவரவர் வாசலிலேயே தீ மூட்டினார்கள். நாங்களும் தேங்காய் வாங்கினோம், ஆயா குச்சி கொடுத்தார். எட்டு வயதுப் பையன் குதித்துக்கொண்டு கீழே ஓடினான். மகளைக் கூப்பிட்டேன். "தலைவலிக்குதும்மா, நீங்க போங்க" என்றாள். அவளுக்கு வயது பன்னிரண்டு ஆகியிருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் நின்ற அதே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் வயதுப் பெண்கள் வாசலுக்கு வாசல் பட்டப்பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மேலே பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "மாடி வீட்டுப் பொண்ணு நிக்கிது பாரு" என்றது எனக்குக் கேட்டது. நான்கு வருடம் ஒரே தெரு. பெயர் தெரியாது.

பதினொரு பயணத்தை ஐந்தாகக் குறைத்திருந்தால் போதும். எட்டு வயதில் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பன்னிரண்டில் கூப்பிட்டால் வருவாளா?

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது: ஆடியும் தீபாவளியும் சேலத்தில், பொங்கல் ஒரு வருடம் இங்கே ஒரு வருடம் அங்கே, முழு ஆண்டு விடுமுறையில் இரண்டு வாரம் ஆச்சி வீடு. சாரலுக்கு ஆடி கடைசியில் போகிறோம். அருவி அப்போதும் விழுகிறது. மாமியார் முதல் வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், இரண்டாம் வருடம் அவரே பஸ் ஏறிச் சேலம் வந்துவிட்டார்.

தேங்காயை நிறைய அடைப்பது

சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள், இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நார் நீக்கிய முற்றின தேங்காயைத் தரையில் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றைத் துளைத்துத் தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். ஊற வைத்த பச்சரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, கொஞ்சம் ஏலக்காய் எல்லாம் கலந்து அந்தத் துளை வழியாக உள்ளே தள்ள வேண்டும். நான் முதல் தடவை ஆசையில் கழுத்து வரை அடைத்தேன். அரிசி வேக இடமும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடைத்தபோது ஓரம் கருகி, நடுவில் நறநறவென்று பச்சை அரிசி. முக்கால் பங்கோடு நிறுத்திவிட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை உள்ளே ஊற்றி, சீவின குச்சியால் இறுக்க அடையுங்கள். தீயில் விடாமல் திருப்ப வேண்டும். ஓடு வெடித்து, வெல்லமும் தேங்காயும் சேர்ந்து காய்கிற வாசனை வந்தால் ஆயிற்று. பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்துப் பங்கு போடுவார்கள்.

"எங்க ஊர்ல எல்லாம்..."

தாமிரபரணித் தண்ணியின் ருசியை யாரும் கேட்கவில்லை. விட்டுவிடுங்கள்.

நம் வழக்கத்தை மூட்டை கட்டி வைப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. நானும் சாய்ந்தேன். நெல்லைப் பக்கம் தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வைப்போம். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணத்தில் பூசணிப்பூ செருகி வைத்து, அதை எருவாகத் தட்டிக் காயவைத்து, தையில் பெண் பிள்ளைகள் மண்ணால் சின்ன வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கலிட்டு, எருவை ஆற்றில் விடுவார்கள். மாடி வீட்டில் இதெல்லாம் எங்கே முடியும் என்று விட்டிருந்தேன்.

2021 தையில் மகளே கேட்டாள். மொட்டை மாடியில் நான்கு செங்கல், ஒரு பாண்டு செம்மண். மாடு வைத்திருக்கும் பால்காரர் சாணம் கொடுத்தார். பூசணிப்பூ வேண்டும் என்று பூக்காரம்மாவிடம் சொன்னால், "அதை எதுக்குக் கேக்கறீங்க?" என்று கேட்டு, காரணம் தெரிந்ததும் மறுநாள் காசு வாங்காமல் கொடுத்தார். எதிர்வீட்டு ஆயாவின் பேத்தி படியேறி வந்து வீட்டுக்கு வாசல் வைத்தாள். என் மகளும் அவளும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். மண் கரைந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியது தனிக்கதை. ஒரு பழைய சாக்கை விரித்துவிட்டு அதன் மேல் கட்டுங்கள்.

போனில் தேடிக்கொண்டே இருப்பது

சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஊரின் அத்தனை மாரியம்மன் கோயிலிலும் பூச்சாட்டு, கம்பம் நடுதல், பொங்கல் என்று வாரக் கணக்கில் நடக்கும். அதிலே குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடாதீர்கள். ஜோடித்த வண்டியில் சாமி வேஷம் போட்டவர்கள் அசையாமல் நிற்க, வண்டி வண்டியாகக் கோயிலைச் சுற்றி வரும். முதல் முறை பையன் சிவன் கண் சிமிட்டியதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தான்.

எந்தத் தெருவில் நின்றால் நன்றாகத் தெரியும், எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்த விடுவார்கள், இதையெல்லாம் போன் சொல்லாது. தையல்காரரைக் கேளுங்கள், இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். நாங்கள் நின்ற திண்ணை எங்கள் இஸ்திரிக்காரரின் மச்சான் வீடு.

ஆடிப் பதினெட்டுக்குக் கைக்குழந்தையோடு மேட்டூர்

வேண்டாம். அடுத்த வாரம் பூலாம்பட்டிக்குப் போய்க் காவிரியில் படகு ஏறுங்கள்.

குச்சியை அன்றைக்குத் தேடுவது

தேங்காய்க்கு அழிஞ்சில் குச்சிதான் செருகுவார்கள். ஆடி பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கடைவீதியில் கட்டுக் கட்டாக வைத்து விற்பார்கள். ஆடி 1 மத்தியானம் போனால் வளைந்ததும் ஒடிந்ததும்தான் மிச்சம் இருக்கும். சீவி மஞ்சள் பூசியது கொஞ்சம் விலை கூட, ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

நாளை மறுநாள் ஆடி 1. கீழ்வீட்டுக் காலண்டரில் அன்றைக்கும் ஒரு சிவப்பு வட்டம், அந்தப் பெண்ணின் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்பாம். நேற்றுச் சாயங்காலம் எங்களுக்கு வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்து நான்கு குச்சி வாங்கி மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்திருக்கிறேன். இன்று காலை அந்த ஐந்தாவது படிக்கும் பெண் அதில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எதுக்கு ஆன்ட்டி என்று கேட்டது. சொன்னேன். அம்மாவைக் கேட்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறது.