இரவுப்பணி முடித்த தாதியர் உறங்குவதற்கு: நறுமண எண்ணெயும் மூச்சுப் பயிற்சியும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் பொழுது விடிகிறது. இரவுப்பணியைக் காலைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் தாதியின் கண்ணில் படுவது அந்த முதல் வெயில்தான். உடல் உறக்கம் கேட்கும் நேரத்தில் மூளைக்கு விடியல் செய்தி போய்ச் சேர்கிறது. வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தாலும், வார்டில் நோயாளியின் நரம்பில் மருந்தைச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் விடாமல் எழுப்பிய ஓசை காதைவிட்டு அகலுவதில்லை. அந்த நேரத்தில் செய்வதற்கான, ஏறத்தாழ 20 நிமிடம் பிடிக்கும் ஒரு முறையைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீடிக்கும் அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் வரும் நிலை என்றே வரையறுத்தது. ஆகவே, பிஎம் எனும் மாலைப்பணி முடித்து மறுநாளே ஏஎம் எனும் காலைப்பணிக்கு வரச்சொல்லும் ரோஸ்டரை (பணி அட்டவணையை) எந்த எண்ணெயும் மாற்றாது. நறுமணம் குறித்த ஆய்வுகளில் பல சிறியவை. முகர்பவருக்குத் தெரியாமல் மணத்தை மறைக்க முடியாது என்பதால், பலன் மணத்தால் வந்ததா நம்பிக்கையால் வந்ததா என்று பிரித்தறிவதும் கடினம். என் கணிப்பில் உண்மையான வேலையைச் செய்வது மூச்சு. 'இனி உறக்கம்' என்று உடலுக்குப் பழக்கிவைக்கும் அடையாளமாக மணம் துணைநிற்கிறது.

படி 1: எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

லாவெண்டர் வாங்குவதானால், புட்டியில் லாவண்டுலா ஆங்குஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வாசனைத் திரவம் என்று குறிப்பிட்டிருந்தால் அது வேறு பொருள். புட்டி அடர்நிறமாக இருக்க வேண்டும். லாவெண்டரில் உள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுபட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் மூடியை இறுக்கி வைப்பது அவசியம். லாவெண்டர் பிடிக்காதவர்கள் வெட்டிவேர் எண்ணெயைப் பயன்படுத்தலாம்; பிடிக்காத மணத்தை மருந்தென்று நினைத்து முகர வேண்டியதில்லை. மூடிய படுக்கையறையில் சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம், அது நுரையீரலுக்குப் புகையேதான்.

படி 2: கலத்தல்

10 மில்லிலிட்டர் ரோல்-ஆன் புட்டியில் பாதாம் எண்ணெயை நிரப்பி, லாவெண்டர் 2 சொட்டு விடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்ற கணக்கில் இது 1 விழுக்காடு. தொடக்கத்துக்கு அதுவே போதும். வீட்டில் இருக்கிறதே என்று நான் முதலில் தேங்காய் எண்ணெயில் கலந்தேன். குளிர்சாதனத்தை 23 டிகிரியில் வைத்திருந்த அறையில் அது உறைந்துபோய், புட்டியின் உருளை அசையவே இல்லை. கலவையை முழங்கையின் உட்புறம் சிறிது தடவி 24 மணி நேரம் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். பெர்கமோட் என்ற நாரத்தை வகைப் பழத்தோலின் எண்ணெயைத் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துவிடக்கூடும். காலையில் வீடு திரும்புகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

மணத்தை அறையில் பரப்பும் கருவியான டிஃப்யூசர் என்றால் 100 மில்லிலிட்டர் நீருக்கு 3 சொட்டு விட்டு, 30 நிமிடத்தில் அணைத்துவிடுங்கள். சாளரத்தை மூடிவிட்டு 10 சொட்டு விட்ட நாளில் நான் தலைவலியோடுதான் எழுந்தேன். எண்ணெயை ஒருபோதும் விழுங்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஜி6பிடி குறைபாடு (சில பொருள்களால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் மரபுக் குறை) உள்ள குழந்தை இருந்தால் கற்பூரமும் மெந்தாலும் கலந்தவை வேண்டாம்; பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் அதற்கு நஞ்சு. வார்டுக்குள் எந்த மணமும் பூசிக்கொண்டு போகாதீர்கள், அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மூச்சிரைப்பு இருக்கலாம்.

படி 3: மூச்சு

பிறருடைய மூச்சை எண்ணுவது நமக்கு அன்றாட வேலை. எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சின் அசைவை எண்ணுகிறோம். இப்போது உங்கள் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு; நாம் போய்ச்சேர வேண்டியது 6.

திரையை இழுத்துவிட்டு மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வையுங்கள். மணிக்கட்டில் ரோல்-ஆனைத் தடவி ஒருமுறை முகர்ந்துவிட்டு, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதைத் தொப்புளுக்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுக்கும்போது கீழ்க்கை உயர வேண்டும். மேல்கை அசையாமல் இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பிறகு, சூடான கோப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, 6 எண்ணும்வரை விடுங்கள். இடையில் மூச்சை அடக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு 10 நொடி. முதல் வாரம் 3 நிமிடம் செய்து, மெல்ல 10 நிமிடமாக உயர்த்தலாம்.

மூச்சை விடும் நேரத்தில் மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. அதனால்தான் விடுவதை நீட்டுகிறோம். மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துப் பார்த்தால் இழுக்கும்போது நாடி விரைவதையும் விடும்போது தளர்வதையும் பலரால் உணர முடியும். புதியவர்கள் செய்யும் தவறு, ஒவ்வொரு மூச்சையும் நெஞ்சு நிறைய இழுப்பதுதான். அப்படிச் செய்தால் கரியமில வாயு குறைந்து உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தலையும் சுற்றும்; உடனே இயல்பான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள். 2 மணி மருந்துக்குக் கையெழுத்துப் போட்டோமா என்ற எண்ணம் குறுக்கே வந்தால், தலைமாட்டுத் தாளில் அதைக் குறித்துவிட்டு ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

படி 4: வார்டில்

சோப்பிட்டுக் கைகழுவ 40 முதல் 60 நொடி ஆக வேண்டும் என்பது நாம் படித்ததே. அதில் 4 முதல் 6 நீண்ட மூச்சு அடங்கும். தனியாக இடைவேளை தேட வேண்டியதில்லை.

படி 5: குறித்துவைத்தல்

இரண்டு வாரத்துக்கு, படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றோடு அன்றைய ஷிஃப்டையும் எழுதி வாருங்கள். ஷிஃப்டைக் குறிக்காத கணக்கு நம் தொழிலுக்கு உதவாது. வாரத்தில் மூன்று இரவாவது உறக்கமின்மை மூன்று மாதமாக நீடித்தால், அல்லது உரத்த குறட்டையும் விழித்திருக்கும்போது கண்ணைச் செருகும் தூக்கமும் சேர்ந்து இருந்தால், அந்தத் தாளோடு பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வாழ்வதே பாரமாகத் தோன்றும் இரவில் இந்தப் பயிற்சி எதையும் முயலாமல் சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழையுங்கள். நைட் ஷிஃப்ட் நேரத்திலும் அங்கே ஆள் இருப்பார்.