விண்டோஸ் மேல் கை வைக்காமல் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம், வாங்க

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டும் இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று பட்டறை லேப்டாப்பிலேயே நேராகப் போட்டார். நடுவில் வந்த ஒரு கேள்விக்கு ஓகே கொடுத்ததில் 4 வருஷத்து வெள்ளிக் கணக்கு அத்தனையும் போச்சு. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது.

அதற்குத்தான் விர்ச்சுவல்பாக்ஸ். ஆரக்கிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். நாம் கொடுக்கும் ஒரு ஃபைலைத்தான் அது தன் ஹார்டு டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளும்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியு பக்கம் போங்கள். விர்ச்சுவலைசேஷன் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓடவிடும் வசதி) 'எனேபிள்டு' என்று இருந்தால் சரி, இல்லையென்றால் விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரையான பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும் (இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும்).

அப்புறம் லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது இன்ஸ்டால் செய்யத் தேவையானதெல்லாம் அடங்கிய ஒரே ஃபைலை, டவுன்லோடு செய்யுங்கள். சுமார் 3 ஜிபி வரும், அதனால் ஏற்காட்டில் நெட் சரியாக எடுக்காத இடத்தில் இருப்பவர்கள் சேலம் இறங்கும்போது பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மலையேறுவது நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' அழுத்தி, பெயர் வைத்து, ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். தானாக இன்ஸ்டால் செய்யும் 'அன்அட்டெண்டட்' வசதி வேண்டாம், ஒவ்வொரு திரையையும் நீங்களே பார்த்துப் பழகுங்கள். லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால் இதற்கு 4 ஜிபிக்கு மேல் தராதீர்கள், மீறினால் விண்டோஸ் திணறும். டிஸ்க் 25 ஜிபி போதும். மொத்தத்தையும் உடனே அடைத்துக்கொள்ளாது, உள்ளே சேரச் சேரத்தான் வளரும்.

ஸ்டார்ட் கொடுத்து, திரையில் வரும் 'இன்ஸ்டால்' ஐகானைத் தட்டி நாலைந்து திரை தாண்டினால், 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு கேள்வி வரும். சித்தப்பா சறுக்கிய இடம் இதுதான். ஆனால் ஜன்னலுக்குள் ஓடும் லினக்ஸுக்கு உங்கள் நிஜ டிஸ்க் கண்ணிலேயே படாது, அழியப்போவது அந்த 25 ஜிபி ஃபைல் மட்டும்தான், தைரியமாகக் கொடுங்கள். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலது பக்கக் கண்ட்ரோல் கீயை ஒரு தட்டு.

இன்ஸ்டால் முடிந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு ஸ்நாப்ஷாட் (அந்த ஜன்னல் கம்ப்யூட்டர் இப்போது இருக்கும் நிலையை விர்ச்சுவல்பாக்ஸில் சேமித்து வைப்பது) எடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிறகு உள்ளே எதைக் கெடுத்தாலும், அந்த ஜன்னல் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து 'ரிஸ்டோர்' கொடுத்தால் பழையபடி வந்து நிற்கும்.

'ஷேர்டு ஃபோல்டர்' ஒன்றில் மட்டும் கவனம். விண்டோஸ் ஃபோல்டரை உள்ளே பகிர்ந்துவிட்டால், லினக்ஸில் அழிப்பது விண்டோஸிலும் அழியும், ஸ்நாப்ஷாட் அதை மீட்டுத் தராது. கணக்கு இருக்கும் ஃபோல்டரை அங்கே சேர்க்கவே சேர்க்காதீர்கள்.