வேல்ஸின் பழைய உலோகச் சுரங்கங்கள்: கனிமம் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸின் கெரெடிகியன் மலைச்சரிவுகளில் ஃப்ரொங்கோக், கும் அஸ்டுவித் போன்ற பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவுக் குவியல்கள் இன்றும் சாம்பல் நிற மேடுகளாகக் கிடக்கின்றன. அவற்றைக் கேட்பாரற்ற குப்பை என்று எண்ணிச் சுத்தியலுடன் இறங்கிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நிலத்துக்கு ஒருவரும் அதிலுள்ள கனிமத்துக்கு வேறொருவரும் உரிமையாளராக இருக்கலாம். பொன்னும் வெள்ளியும் பொதுவாக அரசுடைமை. கும் அஸ்டுவித்தின் கோப்பா குன்றில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே வெண்கலக் கால மக்கள் செம்புத் தாது தோண்டினார்கள். அங்கே கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று எடுக்கும் உருண்டைக் கல், அவர்கள் பாறையை உடைத்த சம்மட்டிக் கல்லாக இருக்கக்கூடும். இத்தகைய பல இடங்கள் சட்டக் காப்பில் உள்ளவை. ஆகவே எழுத்துமூல அனுமதி இன்றிப் போகவே கூடாது.

சுரங்கத்துக்குள் தனியே நுழைவதைப் பொறுத்தவரை இரு கருத்துக்கு இடமில்லை. குறுக்கே போட்ட மரங்களின்மேல் கழிவுக் கல்லைக் கொட்டி அமைத்த பொய்த்தளம் கெட்டித் தரைபோலவே தெரியும்; மரம் உளுத்திருந்தால் காலடியில் இருப்பது வெறும் பள்ளம்.

ஈயத் தாதான கலீனாவின் பெரிய கட்டியைத் தேடி, காலடியில் கிடப்பதை மிதித்துச் செல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. குவியலில் கிடக்கும் ஈய, செம்புத் தாதுக்கள் மழையிலும் காற்றிலும் சிதைந்து, சுரங்கம் மூடிய பின்னரும் புதிய கனிமங்களாக உருவெடுக்கின்றன. பழுப்பேறிய குவார்ட்சுத் துண்டொன்றின் குழியைப் பத்து மடங்கு லென்சில் பாருங்கள்: ஈயமும் செம்பும் சேர்ந்த லினரைட்டு என்ற கனிமத்தின், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிகங்கள், மயில் கழுத்து நீலத்தில், ஊசி முனைகளாகப் பளபளக்கும். அந்தத் துண்டைச் சுத்தியலால் அடித்தால் முதலில் உதிர்பவை அவைதாம்.

அதைவிடக் கொடியது, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அமிலத்தில் ஊறவைப்பது. ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் லினரைட்டின் நீலம் வெளுத்துவிடும். இக்குவியல்களில் கிடைக்கும் இன்னொரு கனிமமான செருசைட்டு ஈயக் கார்பனேட்டு என்பதால் வினிகரே அதை அரிக்கும். முதலில் ஒரு மூலையில் சில துளி நீர் விட்டுப் பார்த்து, சேதமில்லை என்று தெரிந்த பிறகே மென்மையான பிரஷால் துடையுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்து ஈயத் தூசியைக் கிளப்பாதீர்கள். கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

மாதிரிக் கல்லோடு வைக்கும் சீட்டில் ‘வேல்ஸ்’ என்று மட்டும் எழுதிவைப்பது மாதிரியை அநாதையாக்கும் செயல். வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் பெயரைத் தாங்கிய நமுவைட்டு என்ற கனிமத்துக்கு வேல்ஸின் அபெர்லின் சுரங்கமே மூல இடம் (அக்கனிமம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி கிடைத்த இடம்) என்று இன்று சொல்ல முடிவது, மாதிரியோடு இடப்பெயரும் சேர்ந்து வந்ததால்தான். சுரங்கத்தின் பெயர், குவியலின் எப்பகுதி, எடுத்த நாள் ஆகியவற்றை அங்கேயே, கல்லைத் தாளில் சுற்றுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.